‘இல்லை’ என்றதும் அழுதவர்கள்

போன மாதம் ஒரு மத்தியானம் நந்தினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த லேப் டெக்னீசியன் அவள். குரலில் ஒரு பதற்றம்.

“அக்கா, ஒருத்தருக்கு நெகடிவ்னு சொன்னேங்க்கா. அந்த மனுசன் அப்படியே உக்காந்து அழுவுறாரு. எதையும் மாத்திச் சொல்லிட்டேனோன்னு ரிப்போர்ட்ட மூணு தடவ பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு. இப்ப நான் என்ன செய்யட்டும்?”

“ஒண்ணும் செய்யாத. தண்ணி பாட்டில பக்கத்துல வச்சுட்டுச் சும்மா இரு. அழுது முடிக்கட்டும்.”

“நல்ல சேதிதானேக்கா சொன்னேன்?”

“நல்ல சேதிதான். அதனாலதான் அழுவுறாரு.”

சரி என்று வைத்துவிட்டாள். அவளுக்கு அது புரிந்த மாதிரித் தெரியவில்லை. எனக்கும் அந்த வயதில் புரிந்ததில்லை. அன்று சாயங்காலம் முழுக்க நான் வேலை பார்த்த அந்த அறையும் அதில் அழுதவர்களும் என் நினைவில் வந்துகொண்டே இருந்தார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பெயர்களையெல்லாம் மாற்றியிருக்கிறேன். அவர்களுடைய ஊர்களைச் சொல்லவில்லை.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பிளஸ் டூ முடித்து, திருச்சியில் லேப் டெக்னீசியன் டிப்ளமோ படித்தேன். ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுக்கக் கற்றுக்கொள்ளவே ஆறு மாதம் பிடித்தது. பிறகு ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே பத்து வருடத்துக்கு மேல் மலேரியாத் தகடும் சளிப் பரிசோதனையும்தான். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் மத்தியானம் வரை எடுக்க முடியாது. முடிவுகளைச் சீட்டில் எழுதி டாக்டர் மேசைக்கு அனுப்பிவிடுவேன். யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்பது எனக்குத் தெரியாது. எனக்கு மனிதர்கள் நம்பராகத்தான் தெரிந்தார்கள்.

அதன் பிறகு ஒரு தாலுகா மருத்துவமனைக்கு மாற்றினார்கள். திருக்கோகர்ணத்தில் வீடு. டவுன் பஸ்ஸில் பஸ் ஸ்டாண்டு போய், அங்கிருந்து இன்னொரு பஸ். மருத்துவமனையின் பின்பக்கம், பிரசவ வார்டைத் தாண்டி, நீளமான வராண்டாவின் கடைசியில் ஓர் அறை. கதவின் மேல் ‘நம்பிக்கை மையம்’ என்று நீல போர்டு. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் இடம் என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். தெரியாதவர்கள் பேங்க் லோன் ஆபீஸ் என்று நினைத்து மனுவோடு வந்ததும் உண்டு.

அந்த அறையை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். வேப்ப மரத்தைப் பார்த்த ஒரு ஜன்னல். கிட் பெட்டிகள் வைக்கிற சின்ன பிரிட்ஜ், அது ஓட ஆரம்பிக்கும்போது ஒரு தடவை குலுங்கும். ஸ்பிரிட் வாசனை. சுவரில் நொடி முள் சிவப்பாக இருக்கும் ஒரு கடிகாரம். மேசையை ஜன்னலோரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு நாற்காலிகளைப் பக்கவாட்டில் போட்டிருப்போம். இப்படிப் போடச் சொன்னவர் டாக்டர் இருதயராஜ்.

அவர்தான் எனக்கு மேலதிகாரி. ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒல்லியான தேகம், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவருடைய முறைகள் இரும்பு மாதிரி. ஆலோசகர் வாரத்தில் இரண்டு நாள்தான் எங்கள் மருத்துவமனைக்கு வருவார். மற்ற நாட்களில் ரத்தம் எடுப்பதும் நான், முடிவைச் சொல்வதும் நான். அதனால் சேர்ந்த முதல் வாரமே டாக்டர் என்னை எதிரே உட்கார வைத்துப் பழக்கினார்.

வராண்டாவில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, நம்பர் மட்டும்தான். முடிவு சொல்லும் முன்னால் டியூபில் இருக்கும் நம்பரை நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும், பிறகு ரிஜிஸ்டரில் இருப்பதை, பிறகு வந்தவர் கையில் இருக்கும் சீட்டில் உள்ளதை. மூன்றும் ஒன்றானால்தான் அடுத்த வார்த்தை. கதவருகில் நின்றபடி எதையும் சொல்லக் கூடாது. எப்படி வந்தது என்று கேட்கவே கூடாது. “பயப்படாதீங்க” என்ற வார்த்தை அந்த அறைக்குள் தடை.

“ஏன் சார், ஆறுதலாத்தானே இருக்கும்?” என்று கேட்டேன்.

“அந்த வார்த்தையக் கேட்டவுடனே பயம் வந்துரும்மா. அதுவரைக்கும் இல்லாட்டாலும் வந்துரும்.”

முக்கியமான விதி ஒன்று இருந்தது. நோய் இல்லை என்றால் முதல் வார்த்தையே ‘இல்லை’ என்று இருக்க வேண்டும். “ஒங்க ரிப்போர்ட் வந்துருச்சு, பாத்தோம், அதுல என்னன்னா” என்று இழுக்கக் கூடாது. அந்த இழுப்புக்குள் ஒருவர் செத்துப் பிழைத்துவிடுவார் என்பார்.

அந்த விதிப்படி நான் முதன்முதலாக ‘இல்லை’ என்று சொன்னது ஒரு கொத்தனாரிடம். முப்பது வயதுக்குள் இருக்கும், நல்ல உயரம், விரல் இடுக்குகளில் சிமெண்ட் வெளுப்பு. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவராகவே வந்திருந்தார். ரத்தம் எடுக்கும்போது ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் கழித்து மூன்று நம்பர்களையும் படித்துவிட்டு, “இல்லைங்க. ஒங்களுக்கு நோய் இல்லை” என்றேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். முகம் கோணியது. பெரிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, அடிபட்டவர் மாதிரி அழ ஆரம்பித்தார். சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து நான் சத்தமாக, “இல்லைங்க, நெகடிவ்! நல்லா இருக்கீங்க! எதுக்கு அழுவுறீங்க?” என்றேன். அவர் தலையை ஆட்டினார். கேட்டுவிட்டது, இருந்தாலும் நிறுத்த முடியவில்லை. நான் அவர் தோளைத் தட்டி, தண்ணீரை நீட்டி, “அழாதீங்க அழாதீங்க” என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு டாக்டர் உள்ளே வந்தார். என்னைக் கையால் அமர்த்தினார். தண்ணீரை வாங்கி மேசையில் வைத்தார். கொத்தனார் தானாக ஓயும் வரை ஜன்னல் பக்கம் பார்த்தபடி நின்றார்.

ஆள் போன பிறகு கேட்டேன். “நல்ல சேதியச் சொன்னா ஏன் சார் இப்படி அழுவுறாங்க?”

டாக்டர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே சொன்னார். “இந்த ரூமுக்கு வர்றவுங்க எல்லாரும் பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் வர்றாங்க. கெட்ட சேதின்னா இன்னும் இறுக்கிக் கடிச்சுக்குவாங்க, அடுத்து நடக்கவேண்டியது இருக்குல்ல. நல்ல சேதின்னாத்தான் விடுறாங்க. நீங்க அத நிறுத்தாதீங்க.”

கேட்டுக்கொண்டேன். ஆனால் நம்பவில்லை. சோகத்துக்குத்தான் அழுகை, சந்தோஷத்தில் வரும் கண்ணீர் ஏதோ மிச்சம் மீதி என்பதுதான் என் எண்ணம். என் கல்யாணத்திலும் எங்கள் அம்மா அழுதார். பெண்ணைப் பிரிகிற வருத்தம் என்று நானே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். டாக்டர் சொன்னது என்னவென்று எனக்குப் புரிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. புரிய வைத்தவள் கவிதா.

கவிதா பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள். அப்போது இருபத்து மூன்று வயது. ஐந்து மாத கர்ப்பம். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் செய்கிற பரிசோதனைக்காகப் பிரசவ வார்டிலிருந்து அனுப்பியிருந்தார்கள். கூட வந்த மாமியார் வராண்டாவிலேயே உட்கார்ந்துவிட்டார். கணவன் முருகேசனுக்கு வடக்கே ஓர் ஊரில் முறுக்குக் கம்பெனியில் வேலை. வருடத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வருவான்.

முதல் கிட்டில் இரண்டாவது கோடு விழுந்தது. அந்தக் கிட் விரல் நீளப் பிளாஸ்டிக் பட்டை. ஒரு துளி ரத்தம் விட்டுப் பார்ப்போம். ஒரு கோடு விழுந்தால் நோய் இல்லை, இரண்டு விழுந்தால் இருக்கலாம். இருக்கலாம் என்றால் வேறு வேறு வகைக் கிட்டில் இன்னும் இரண்டு தடவை பார்க்க வேண்டும். மூன்றிலும் இரண்டு கோடு. டாக்டரைக் கூப்பிட்டேன். இந்த மாதிரி நேரத்தில் அவரே சொல்வார்.

கதவைச் சாத்தி, அவளை உட்கார வைத்து, நிதானமாகச் சொன்னார். கவிதா கண்ணைச் சிமிட்டாமல் கேட்டாள். அழுகை வரும் என்று நான் தண்ணீரைக் கையில் எடுத்துவிட்டேன். வரவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஒரு கேள்விதான் கேட்டாள்.

“வயித்துல இருக்கதுக்கு?”

“வராமத் தடுக்குறதுக்கு வழி இருக்கும்மா. நாங்க சொல்றத ஒண்ணு விடாமச் செய்யணும். பிறந்ததும் தெரியாது. பிள்ளைக்கு ஒண்ணரை வயசு ஆகும்போதுதான் உறுதியாச் சொல்ல முடியும்.”

அவள் விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள். “ரெண்டு வருசம் இருக்குங்களே சார்.”

“ஆமாம்மா.”

“சரிங்க சார். என்ன செய்யணும்னு சொல்லுங்க.”

வெளியே போகும்போது சேலைத் தலைப்பைச் சரிசெய்து, கதவுக்கு முன்னால் ஒரு நொடி நின்று, முகத்தை மாற்றிக்கொண்டாள். நான் அதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். “என்னத்தா சொன்னாக?” என்று மாமியார் கேட்டதற்கு, “ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்காம் அத்த, மாசாமாசம் வரச் சொல்றாங்க” என்று அவள் சொன்னது கதவு வழியாகக் கேட்டது.

முருகேசன் அடுத்த மாதம் ஊருக்கு வந்தான். அவனுக்கும் இருந்தது. அவன் அந்த அறையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். கவிதா அவன் கையைப் பிடித்துத் தடுத்தாள். “சத்தம் போடாதீங்க, வெளிய ஆளு இருக்கு” என்றாள். அப்போதும் அவள் அழவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அவளைப் பார்த்தேன். வலி வீட்டிலேயே கண்டுவிட்டால் விழுங்க ஒரு மாத்திரை கொடுத்திருந்தோம். அதைச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டே திரிந்தாள். நல்லவேளையாகப் பிரசவம் எங்கள் மருத்துவமனையில்தான் நடந்தது. பெண் குழந்தை. பிறந்த அன்றே சொட்டு மருந்து கொடுத்தாயிற்று.

அடுத்த ஆறு மாதம்தான் பெரும் பாடு. குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான், வேறு எதுவும் ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்றார் டாக்டர். இரண்டையும் கலந்து கொடுத்தால் ஆபத்து அதிகம். மாமியாரோ சர்க்கரைத் தண்ணீர், தேன், உரை மருந்து என்று வரிசையாகக் கிண்ணத்தோடு நிற்கிறார். காரணத்தைச் சொல்ல முடியாது. கவிதா வந்து, “என்னால தடுக்க முடியல சார், நான் குளிக்கப் போற நேரத்துல ஊத்திருவாங்களோன்னு குளிக்கவே பயமா இருக்கு” என்றாள்.

டாக்டர் ஒரு முழு வெள்ளைத் தாளை எடுத்தார். ‘ஆறு மாதம் முடியும் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர தண்ணீர் உட்பட எதுவும் கொடுக்கக் கூடாது’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரி முத்திரையை இரண்டு இடத்தில் குத்தினார். “இது ஊர்ல இருக்க எல்லாப் பிள்ளைக்கும் பொருந்துறதுதாம்மா. பொய் ஒண்ணும் இல்ல. செவுத்துல ஒட்டிரு” என்றார். அவள் தொட்டிலுக்கு மேலேயே ஒட்டிவிட்டாள். முத்திரையைப் பார்த்த மாமியார் கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய்விட்டார். ஆறு மாதம் முடிந்ததும் வேறு உணவு தொடங்கும் என்பதால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியிருந்தது. அதற்கு அவள் வீட்டில் என்ன சொன்னாள், எத்தனை பேச்சு வாங்கினாள் என்பதை என்னிடம் சொன்னதில்லை. மார்பில் பால் கட்டிக் காய்ச்சலோடு வந்தபோதுதான் எனக்கு ஓரளவு தெரிந்தது. அன்றைக்கும் கண்ணில் தண்ணீர் இல்லை.

கல் மனசுக்காரியோ என்றுகூட ஒரு தடவை நினைத்தேன். இன்று அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஒன்றரை வயது வந்தது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கவிதா காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். நான் கிட்டில் ரத்தத்தை விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். இருபதாவது நிமிடம் குனிந்து பார்த்தேன். ஒரு கோடு நன்றாகத் தெரிந்தது. இரண்டாவது கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு நிழல். ஒரு பக்கம் சாய்த்தால் தெரிகிறது, இன்னொரு பக்கம் சாய்த்தால் இல்லை.

டாக்டர் வந்தார். பட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். “எத்தன நிமிசம்?” என்றார். “கரெக்டா இருபது சார்.” “நீங்க என்ன பாக்குறீங்க?” என்று கேட்டார்.

“கோடு மாதிரி இருக்கு சார்.”

“மாதிரின்னு ரிப்போர்ட்ல எழுத முடியாதும்மா.”

மற்ற இரண்டு வகைக் கிட்டிலும் பார்த்தோம். இரண்டிலும் ஒரே ஒரு கோடுதான். ஆனால் மூன்றும் ஒத்துப்போகாமல் எதையும் சொல்லக் கூடாது. கவிதாவை உள்ளே அழைத்து டாக்டரே விளக்கினார். தாயின் ரத்தத்திலிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் சில பிள்ளைகள் உடம்பில் கொஞ்ச காலம் கூடுதலாகத் தங்கும், அது கரைய இன்னும் மூன்று மாதம் பொறுத்துத் திரும்பப் பார்க்க வேண்டும், இப்போது இருக்கு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர் அவளுக்குப் பொய்யாக ஒரு நம்பிக்கையும் கொடுக்கவில்லை. அதற்காக அன்று எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது.

கவிதா பாப்பாவின் கையில் நான் ஒட்டிய பஞ்சை அமுக்கிப் பிடித்தபடி கேட்டாள். “அப்ப இன்னும் மூணு மாசத்துக்கு எனக்குத் தெரியாது. அவ்வளவுதானுங்களே சார்?”

“அவ்வளவுதான்மா.”

“சரிங்க சார். தெரியாம இருக்கது எனக்குப் பழகிருச்சு.”

எனக்குப் பழகவில்லை. அந்த மூன்று மாதமும் பஸ்ஸில் உட்கார்ந்தால் அந்த நிழல் கோடுதான் கண்ணுக்கு முன்னால் நிற்கும். வீட்டில் என் பிள்ளைகள் சாப்பிடுவதைப் பார்த்தால் அவள் பாப்பா ஞாபகம் வரும். என் வீட்டுக்காரர் என்ன யோசனை என்று கேட்பார். ஆபீஸ் விஷயம் என்பேன். வெளியே சொல்லாமல் ஒன்றைச் சுமப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு ஒரு துளி தெரிந்தது. அவள் அதை இரண்டு வருடமாகச் சுமந்துகொண்டு, களையெடுத்து, சோறாக்கி, மாமியாரோடு சீரியலும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் முடிந்த திங்கட்கிழமை. பாப்பா நடந்தே வந்தாள். வராண்டா முழுக்கக் கீச் கீச் என்று சத்தம் போடும் செருப்பு. ரத்தம் எடுக்கும்போது மட்டும் அழுதுவிட்டு, உடனே பிரிட்ஜின் கைப்பிடியை இழுத்துப் பார்க்கப் போய்விட்டாள். நான் மூன்று கிட்டையும் தட்டில் வரிசையாக வைத்து ஒரே நேரத்தில் ரத்தம் விட்டேன். டாக்டர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த இருபது நிமிடமும் சிவப்பு முள் நகர்வதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நேரம் ஆனது. குனிந்தேன். முதல் பட்டை, ஒரு கோடு. இரண்டாவது, ஒரு கோடு. மூன்றாவதைக் கையில் எடுத்து ஜன்னலுக்குப் போனேன். சாய்த்தேன், நிமிர்த்தினேன். வெள்ளையாக இருந்தது. டாக்டரும் பார்த்தார். தலையை அசைத்து, “நீங்களே சொல்லுங்க” என்றார்.

டியூபைப் படித்தேன். ரிஜிஸ்டரைப் படித்தேன். அவள் கையில் இருந்த சீட்டைப் படித்தேன்.

“இல்ல கவிதா. பாப்பாவுக்கு இல்ல. மூணுலயும் இல்ல.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கீழே குனிந்து பாப்பாவைத் தூக்கி என்னிடம் நீட்டினாள்.

“அக்கா, பாப்பாவக் கொஞ்சம் புடிங்க.”

வாங்கிக்கொண்டேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, பிரிட்ஜுக்கும் அலமாரிக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். முதலில் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில் தலைப்பு தானாக விழுந்துவிட்டது. அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. சாவு வீட்டில்கூட இல்லை. டாக்டர் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்தினார். வராண்டாவில், “உள்ள டெஸ்ட் நடக்குது, யாரும் வரக் கூடாது” என்று அவர் சொல்வது கேட்டது.

என் இடுப்பில் இருந்த பாப்பா அம்மாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நான் ஒரு கையுறையை எடுத்து ஊதி, வாயைக் கட்டி, ஐந்து விரல் பலூனாக்கிக் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு சமாதானம் ஆனாள். என் கன்னத்தில் தண்ணீர் வழிவதை அவள் விரல் பட்ட பிறகுதான் கவனித்தேன்.

அழாதே என்று நான் சொல்லவில்லை.

ஓய்ந்த பிறகு அவள் தரையில் இருந்தபடியே பேசினாள்.

“மொத நாளே அழுவத்தாங்க்கா வந்துச்சு. அழுதா கண்ணு வீங்கும். வெளிய அத்த இருக்காங்க, பஸ்ஸுல ஊர்க்காரவுங்க இருப்பாங்க. வீட்டுக்குப் போய் அழுவுவோம்னு நெனச்சேன். வீட்டுக்குப் போனா அவரு போன் பண்றாரு, அவருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஆயிருச்சு. அப்பறம் மாத்திர, பிரசவம், பாலு. ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு வந்துக்கிட்டே இருந்துச்சு. நான் உக்காந்து அழுதா புள்ளய யாரு பாக்குறது? இப்பத்தாங்க்கா கீழ எறக்கி வைக்க முடிஞ்சுச்சு.”

டாக்டர் பல்லைக் கடிப்பதைப் பற்றிச் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் அன்று அழுதது அன்றைய சந்தோஷத்துக்கு மட்டும் இல்லை. முதல் ரிப்போர்ட்டுக்கு, புருஷன் தலையில் அடித்துக்கொண்டதற்கு, பால் கட்டிய வலிக்கு, அந்த நிழல் கோட்டுக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். அந்தந்த நேரத்தில் அழ அவளுக்கு இடமில்லை. ஆபத்து தாண்டிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் இடம் கிடைத்தது. எல்லாருடைய ஆனந்தக் கண்ணீரும் இதுதானா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் படித்தது டிப்ளமோதான். ஆனால் அதன் பிறகு ‘இல்லை’ என்று கேட்டு அழுத ஒவ்வொருவரையும் பார்க்கும்போது, இவர் எத்தனை நாள் அழுகையை வைத்திருந்தாரோ என்றுதான் எனக்குத் தோன்றும்.

முருகேசனுக்கு என் செல்போனிலிருந்துதான் பேசினாள். எடுத்ததும் அந்தப் பக்கம் ஒரே இரைச்சல், கொதிக்கிற எண்ணெயில் மாவு விழும் சத்தம், யாரோ இந்தியில் கத்துவது. “ஒண்ணும் இல்லையாம்” என்றாள். அவன் என்ன என்று கேட்டிருப்பான் போல. “பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையாம். இல்லையாங்க. ஆமாங்க, ஒண்ணும் இல்லையாம்.” பிறகு போனைக் காதில் வைத்தபடி அவள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

இதை எழுதலாமா என்று கவிதாவிடம் கேட்டேன். “ஊருப் பேரு போடாம எழுதுங்கக்கா” என்றாள். இன்றும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாள். முருகேசன் வடக்கை விட்டுவிட்டு இங்கேயே முறுக்குப் போடுகிறான். பாப்பா இப்போது நர்சிங் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டு நான் சிரித்துக்கொண்டேன். டாக்டர் இருதயராஜ் ஓய்வு பெற்றுப் பிள்ளைகளோடு வெளியூரில் இருக்கிறார். தபாலில் பொங்கல் வாழ்த்து அனுப்புகிற கடைசி மனிதர் எனக்குத் தெரிந்து அவர்தான்.

கவிதா அழுத அன்றைக்கு நடந்ததில் இன்னும் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்.

போன் பேசி முடித்து அவள் முகம் கழுவிக்கொண்டாள். கண்ணாடி இல்லாததால் என்னிடம் கேட்டாள். “கண்ணு ரொம்பச் செவந்திருக்கா அக்கா?”

“ஆமா.”

“இருக்கட்டும்” என்றாள். பாப்பாவை இடுப்பில் வாங்கி, இந்தத் தடவை கதவுக்கு முன்னால் நிற்காமல், முகத்தை மாற்றாமல், அப்படியே திறந்துகொண்டு வெளியே போனாள். நானும் பின்னாலேயே வந்தேன். வராண்டாவில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அழுகைச் சத்தம் எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. அது எந்த அறை என்பதும் தெரியும். எல்லார் கண்ணும் குழந்தைமேல் இருந்தது. ஒரு பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. கவிதாவுக்குக் கிடைத்த நல்ல சேதியை அந்த வராண்டாவில் ஒருவருக்கும் சொல்லக் கூடாது.

சளி டப்பாவைக் கையில் வைத்திருந்த ஒரு பெரியவர் மட்டும் எழுந்து வந்தார். அவருக்கே மூச்சு வாங்கியது. கவிதாவின் தலையில் கையை வைத்து, “அழுவாத தாயி. எல்லாம் சரியாப் போகும்” என்றார்.

கவிதா வீங்கிய கண்ணோடு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“சரியாப் போச்சுங்கய்யா.”

கையுறைப் பலூனைப் பிடித்தபடி பாப்பாவும் சிரித்தாள். இரண்டு பேரும் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்கள். பெரியவர் புரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன்.